கோளாறுக்குக் கழிச்சாச்சு

எதை விலைக்குக் கேட்கப் போனாலும் அந்த அம்மா முதலில் பொருளைத் தொடமாட்டார். விற்கிறவர் முகத்தைப் பார்த்து, "இதுல என்ன கோளாறு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அவர் அசையமாட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கடைசியில் தாங்கமுடியாமல், "அந்த ஓரத்துல மட்டும் லேசா..." என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். அதோடு அவர்கள் கதை முடிந்தது.

திண்டுக்கல்லில் அவர் புளி மண்டி நடத்தினார். நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். மண்டியம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆள் குள்ளம். குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். கட்டியிருக்கும் சின்னாளபட்டிச் சேலையில் எங்காவது ஒரு பக்கம் சாயம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் கரை கோணியிருக்கும். அப்படிப்பட்ட சேலையாகத் தேடித்தான் வாங்குவார். பேக்கரியில் பிஸ்கட்டைக்கூட உடைசலாகக் கேட்பார். "முழுசா வாங்குறவனும் கடைசில கடிச்சு உடைச்சுத்தான திங்கிறான்?" என்பார். அவர் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எரிச்சலாக இருக்கும்.

குடியிருந்த வீட்டையும் அப்படித்தான் வாங்கினார். விற்றவரிடம் வழக்கம்போலக் கேட்டுவிட்டு நின்றிருக்கிறார். அவர் தண்ணீர்க் குழாயைச் சொன்னார், சுவர் ஓதத்தைச் சொன்னார், அதற்கும் இவர் வாய் திறக்காததைப் பார்த்து, நடு அறையில் தன் மருமகள் தூக்குப் போட்டுக்கொண்டதையும் சொல்லி அழுதுவிட்டார். விலை தடாலென்று இறங்கியது. அதே உத்தரத்தில் மின்விசிறி மாட்டி, அதன் அடியிலேயே கட்டில் போட்டுப் படுத்தார் மண்டியம்மா. "பயமா இல்லையாம்மா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"எதுக்குப் பயம்? அதுக்குத்தான் கழிச்சாச்சுல்ல" என்றார்.

நான் அப்போது ஊருக்கு வெளியே ஒரு பைபர் பட்டறை வைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, கூரைத் தகடு எல்லாம் செய்வேன். ஒருமுறை பிசின் இறுக ஊற்றுகிற மருந்தைத் தப்பாகக் கலந்து தீப்பிடித்ததில் என் இடது கையில் இரண்டு விரல்கள் வெந்து, மடங்காமல் நின்றுவிட்டன. மண்டிக் கூரையில் ஒழுகல் அடைக்க முதன்முதலாகப் போனபோது அந்த அம்மா கூரையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"அந்த ரெண்டு விரலும் வேலை செய்யுமா?"

"செய்யாதும்மா. ஆனா வேலையில ஒண்ணும் கொறை வராது."

"அப்ப எட்டு விரலுக்குக் கூலி சொல்லு."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எட்டு விரலுக்கான கூலியைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'எட்டு விரல்'. என் பெயரை அவர் கேட்டதே இல்லை. கோபம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். அவர் அடுத்தவர்களை உரித்தெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புளியில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அதனால் மண்டியம்மா ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டு, வெளியே எடுத்து மோந்து பார்ப்பார். ஒருநாள் நத்தம் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணின் மூட்டைகளில் ஈரம் இருந்தது. வழியில் மழையில் நனைந்துவிட்டது என்றார் அந்தப் பெண். உண்மையாகவே இருக்கலாம், முதல்நாள் மழை பெய்திருந்தது. மண்டியம்மா திட்டவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மூட்டைகளை அவிழ்த்துக் களத்தில் பரப்பச் சொன்னார்.

"காயட்டும். காஞ்சப்பெறகு நிறுத்துக் காசு தாரேன். நீயே பக்கத்துல உக்காந்து பாத்துக்க. அப்பறம் நான் அள்ளிட்டேன்னு சொல்லக் கூடாது."

அந்தப் பெண் இரண்டு நாள் அந்தக் களத்தில் வெயிலோடு வெயிலாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதார். சாப்பாட்டு நேரத்துக்கு மண்டியம்மாவே ஒரு தட்டில் சோறும் வெஞ்சனமும் கொடுத்தனுப்பினார். அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, இவருக்கும் மனசு இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நிறுத்தபோது எடை நன்றாக இறங்கியிருந்தது. "பாத்தியா, இப்பத்தான் இது புளி" என்றார். ஈரம் ஏறிய எதுவும் காய்ந்தால் சரியாகிவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. புளியைப் பொறுத்தவரை அது சரிதான்.

அவருக்கு ஒரே மகள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடுவாள். பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து, காப்பி வருவதற்கு முன்பே மண்டியம்மா சொல்லிவிடுவார்: "பிள்ளைக்கு எடது காது மந்தம். சின்ன வயசுல ரெண்டு தடவை வலிப்பு வந்திருக்கு. கோவம் வந்தா சோறு திங்காது. மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல." பக்கத்து அறையில் பட்டுச்சேலை கட்டி நிற்கிறவளுக்கு இது மந்தமான காதிலும் விழும். வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

"ஏம்மா, நம்ம பிள்ளையவே இப்பிடிச் சொல்லலாமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாரவன் கண்டுபிடிச்சான்னா நமக்கு அசிங்கம்ப்பா. நாமளே சொல்லிட்டா மதிப்பு."

தானாகக் குறையைச் சொன்ன ஒருவருக்குக்கூட அவர் மதிப்புக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

ஒரு வருடம் நல்ல மழை. நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய கண்மாய் கரை தொட்டு நின்றது. அதில் படகு விட ஏலம் போட்டார்கள், மண்டியம்மா எடுத்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படகு என்றால் கொடைக்கானல் போனபோது காசு கொடுத்துச் சுற்றிவந்ததுதான். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் இது மகளுக்காக எடுத்தது. "கல்யாணம்தான் அமையல, ஒரு தொழிலாவது கையில இருக்கட்டும்" என்று அவள் காதுபடவே சொன்னார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா தனக்கென்று ஒன்று வாங்கப்போகிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. மோட்டார் படகு ஓட்டுகிற வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப்படகு என்ற பேச்சே எழவில்லை. ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பழைய மோட்டார் படகு ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, மண்டியின் மினி லாரியில் மூவரும் போனோம். பைபர் படகு என்பதால் நான். ஊருக்குள் நுழைந்ததும் மண்டியம்மா மகளிடம், "நீ வண்டியிலயே இரு. ஆசைப்படுறது உன் மூஞ்சில அப்பிடியே தெரியுது. வெலை ஏறிரும்" என்றார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

படகுக்காரர் எழுபதைத் தொட்டவர். கை நடுங்கியது, அதனால்தான் விற்கிறார். மணலில் ஏற்றிவைத்திருந்த படகைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். இளநீர் வெட்டி நீட்டினார். மண்டியம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"விக்கிறவுக வீட்டுத் தண்ணியக் குடிச்சா எனக்குப் பேச்சு வராது. இதுல என்ன கோளாறு?"

பெரியவர் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. "பின்பலகையில ஈரம் ஏறியிருக்கும்மா" என்றார்.

மோட்டாரை மாட்டித் தொங்கவிடும் பின்பக்கச் சுவர்தான் பின்பலகை. வெளியே பார்க்க பைபர், உள்ளே மரம். மோட்டாரின் எடையையும் அது தள்ளுகிற வேகத்தையும் அந்த மரம்தான் தாங்க வேண்டும். மண்டியம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பெரியவர் சொல்லாததையெல்லாம் தேட ஆரம்பித்தார். மோட்டாரின் மூடியைத் தொட்டார். சூடாக இருந்தது. "நாங்க வாரதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிருக்கீக. ஆறுன எஞ்சின் கெளம்பாதோ?" பெரியவர் தலையைச் சொறிந்தார். மோட்டாரின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்கு மேலே இருந்த திருகைக் கழற்றச் சொல்லி, வழிந்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். மோர் மாதிரி வெளுத்திருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும் என்று லாரி வைத்திருந்தவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் ஏறி, குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்தார். ஒரு இடத்தில் தரை மெத்தென்று அமுங்கியது. அங்கேயே நின்று என்னைப் பார்த்தார். படகுக்கு ஆர்.சி. புக் எங்கே என்று கேட்டுப் பெரியவரைத் திணறவைத்ததும் அப்போதுதான்.

நான் ஒரு ரூபாய் நாணயத்தால் படகைச் சுற்றிலும் தட்டிக்கொண்டு வந்தேன். நல்ல பைபர் கணீரென்று கேட்கும். பின்பலகைக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். பலகையும் சேர்ந்து ஆடியது. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் அந்த ஓட்டை வழியே பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. மண்டியம்மா குனிந்து மோந்து பார்த்தார்.

"நனைஞ்ச சாக்கு வாடை" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

பிறகு தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொன்னார். அதற்குத்தான் மகளைக் கூப்பிட்டார். பெரியவர் தன் நடுங்குகிற கையை எடுத்துவிட்டு, மோட்டாரின் கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். "மெதுவா தாயி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே கரையோரமாக ஒரு சுற்று ஓட்டவைத்தார். அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் நான் கேட்டேன். கரையில் நின்ற மண்டியம்மா, "இவ இப்பிடிப் பல்லக் காட்டுனா நான் எங்கிட்டு வெலை பேச?" என்று முணுமுணுத்தார்.

பேசினார். ஊர் முனையில் உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடை இருந்தது. படகை எங்கள் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோகச் சொன்னார். "எட்டு விரல், இம்புட்டு நீளத்துக்கு புதுசுல எம்புட்டு எடை இருக்கும்?" நான் சொன்னேன். லாரியின் எடை போக, எடைமேடை அதைவிட ஒரு ஆள் எடை கூடுதலாகக் காட்டியது.

"ஒரு ஆள் எடைக்குத் தண்ணியக் குடிச்சிருக்கு. தண்ணிக்கு நான் காசு தர மாட்டேன்."

வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். தன் ஊர்க்காரர்கள் நடுவில் பெரியவர் திருடனாக நின்றார். மண்டியம்மா அதோடு விடவில்லை. "இந்தக் கைய வச்சுக்கிட்டா இத்தனை நாளும் ஓட்டுனீக? அப்ப அடியில எத்தனை பாறையில இடிச்சிருக்கோ" என்று எல்லோர் முன்னாலும் அந்தக் கையைச் சுட்டிக் காட்டினார். பெரியவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கேட்டதில் பாதிக்கும் கீழே படகு எங்களுடையது ஆனது.

மகள் லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு பெரியவர் எங்கள் இருவரிடமும் வந்தார். "வெலை போனது போகட்டும்மா. அந்தப் பின்பலகைய மாத்தாம மட்டும் தண்ணியில எறக்கிறாதீங்க. வேகமாப் போனா மோட்டாரு பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"அதுக்குத்தான் கழிச்சாச்சுல்ல" என்றார் மண்டியம்மா.

பெரியவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு கோளாறு என்பது விலையைக் குறைக்கிற வரைக்கும்தான் கோளாறு. குறைத்துவிட்டால் அது தீர்ந்துபோன விஷயம். விலையில் கழித்த எதையும் அவர் பழுது பார்த்து நான் பார்த்ததே இல்லை.

படகை மண்டிக் களத்தில் கவிழ்த்துப் போட்டு, போல்ட் ஓட்டைகளையெல்லாம் திறந்துவைத்துக் காயவைத்தார். பங்குனி வெயில். இடையிடையே எடைமேடைக்கு அனுப்பி நிறுத்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் அந்த ஒரு ஆள் எடையும் இறங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினார். நான் பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"அம்மா, ஈரம் போயிருச்சு. ஆனா உள்ள மரம் மக்கிப்போச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுப் பலகை வைக்கணும். ஒரு வாரம் புடிக்கும்."

"கழிச்சதுக்கு மறுபடி செலவழிக்கச் சொல்றியா? எடை சரியா இருக்கு. நீ மேலாக்கப் பூசி, நீலப் பெயிண்டு அடிச்சுக் குடு. அதே எட்டு விரல் கூலிதான்."

அந்த இடத்தில் நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் படகு, உன் தலையெழுத்து என்று நினைத்தேன். ஒரு நாளாவது இந்த அம்மாவின் பொருள் நாலு பேர் முன்னால் பல்லிளிக்க வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உள்ளூர இருந்தது. விரிசலெல்லாம் மறைய வழவழவென்று பூசினேன். பத்து விரல் உள்ளவனால்கூட அவ்வளவு நன்றாகப் பூச முடியாது. மகள் வந்து அந்தப் பின்பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். "புதுசு மாதிரியே ஆக்கிட்டீங்கண்ணே" என்றாள். நான் "ம்" என்றேன்.

படகு விடுகிற அன்று காலையில் கண்மாய்க் கரையில் நல்ல கூட்டம். புது லாரிக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்தார்கள். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் விசிறி இறக்கையில் ஒன்றைச் செருகினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மண்டியம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், அவர் ஏறவில்லை. மகள் தனியாக ஏறி, மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தாள். பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக ஒரு சுற்று போனாள். கரையைப் பார்த்துக் கையாட்டினாள்.

"இப்பிடி எருமை மாதிரிப் போனா எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றார் மண்டியம்மா. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கத்தியதை நான் கேட்டேன். "முறுக்குடி! வேகமா முறுக்கு!"

என் வாய் திறக்கத்தான் செய்தது. சத்தம் வரவில்லை. அவள் முறுக்கினாள். படகின் மூக்கு மேலே எழும்பியது, கரையில் விசில் பறந்தது. அப்புறம் துணி கிழிகிற சத்தம். மோட்டார் பின்பலகையோடு பிய்ந்து தண்ணீருக்குள் சாய்ந்தது. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தவளையும் அது இழுத்துக்கொண்டது. அவளுக்கு நீச்சல் தெரியும், கிணற்றில் பழகியவள். ஆனால் விசிறி நிற்கச் சற்று நேரம் பிடித்தது. குதித்துத் தூக்கிவந்தவர்களின் சட்டையெல்லாம் ரத்தம்.

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. மண்டியம்மா கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழுகிற முகமாக இல்லை.

"அண்ணே, அந்தப் பலகை மக்கிப்போனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் தப்பித்துக்கொண்டவனின் நிம்மதி இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

"ஏறி ஓட்டப்போறது நாந்தானண்ணே? எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவளிடம் சொல்லலாம் என்று ஒரு நாளும், ஒரு நொடிகூட எனக்குத் தோன்றியதில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது? மண்டியம்மாதான் பேசினார், அவருடைய வழக்கமான தணிந்த குரலில்.

"அவனக் கேக்காத. நான் கூலியக் கொறைச்சேன். அவன் வாயக் கொறைச்சுக்கிட்டான்."

அதில் கோபமே இல்லை. என்னை இவ்வளவு சரியாக எடைபோட்டவர் வேறு யாரும் கிடையாது. எல்லாம் தெரிந்தேதான் அந்த அம்மா தன் மகளை அதில் ஏற்றியிருக்கிறார். எல்லாம் தெரிந்தேதான் நானும் கரையில் நின்றிருக்கிறேன்.

மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இவுக ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லுங்க. இனிமே உள்ள விடாதீங்க."

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம்.